கார் மட்டும் கச்சேரிக்குப் போனது

டெல்லிக்குப் போய்வந்தேன் என்றதும் எல்லோரும் தாஜ்மகால் பார்த்தாயா என்று கேட்கிறார்கள். தாஜ்மகால் டெல்லியில் இல்லை. நான் போனது ஒரு கிழவர் கிட்டார் வாசிப்பதைக் கேட்க.

அவர் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் பாதிப் பேர் "யார் அது?" என்பீர்கள். மீதிப் பேர் "அவரைவிட இன்னொருத்தர் இருக்காரே" என்று ஆரம்பிப்பீர்கள். இரண்டுக்கும் எனக்குக் கோபம் வரும். வெள்ளைக்காரர், எழுபதைத் தாண்டியவர், ராக் பாடகர். அவ்வளவு தெரிந்தால் போதும்.

நான் திண்டுக்கல் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சர். கழுத்தில் விசில், தொண்டையில் கத்தல், இருபத்தாறு வருஷம். எனக்கு எப்படி ராக் என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: என் அண்ணன் சண்முகம். நான் பத்தாவது முடித்த வருஷம் அவன் டெல்லியில் மத்திய அரசு வேலைக்குச் சேர்ந்தான். முதல் லீவில் வந்தபோது எனக்கென்று ஒரு கேசட் கொண்டுவந்தான். பிளாட்பாரக் கடையில் வாங்கியது. அட்டையில் இவர் படம்.

அந்த கேசட்டின் பி பக்கத்தில் மூன்றாவது பாட்டு. நடுவில் எல்லா வாத்தியமும் நின்றுபோய் கிட்டார் மட்டும் தனியாக வரும். எங்கள் வீட்டு டேப் ரிக்கார்டர் சரியாக அந்த இடத்தில் நாடாவைக் கடித்துவிட்டது. அன்றுமுதல் அந்த இடம் வந்தால் பாட்டு இழுக்கும், குழறும், பிறகு நேராகும். பின்னால் போனில் எத்தனையோ தடவை சுத்தமாகக் கேட்டுவிட்டேன். ஆனாலும் அந்த இடம் நெருங்கினால் இன்றைக்கும் பல்லைக் கடித்துக்கொள்வேன். அதை ஒரு தடவை அவர் கையாலேயே நேரில் கேட்கவேண்டும். இதுதான் கடைசிப் பயணம், இந்தியாவில் டெல்லியில் மட்டும்தான் என்று அறிவித்திருந்தார்கள். அரையாண்டு லீவும் ஒத்துவந்தது. கிளம்பிவிட்டேன்.

பனிமூட்டத்தில் ரயில் ஊர்ந்து ஊர்ந்து ஆறு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. பெட்டிக்குள் என்னோடு வந்த ஆக்ரா அம்மா ஒருத்தி வழியெல்லாம் எனக்குப் பேட்டா ஊட்டினாள். பூசணிக்காயைச் சர்க்கரைப் பாகில் போட்டுக் கல்லாக்கினால் அதுதான் பேட்டா. "சாப்பிடு, சாப்பிடு, ஒல்லியா இருக்கே" என்று இந்தியில் சொன்னாள். என்னை ஒல்லி என்று சொன்ன ஒரே மனுஷி என்பதால் மறுக்காமல் தின்றேன்.

அண்ணன் பிளாட்பாரத்துக்கே வந்திருந்தான். கையில் பிளாட்பாரம் டிக்கெட் இல்லை. கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை தொங்கியது.

"டிக்கெட் கேக்கலையாண்ணே?"

"என்னைய யாரு கேக்குறது? முப்பத்தஞ்சு வருஷமா இந்த ஊர்ல இருக்கேன். பொருட்காட்சி, கிரிக்கெட்டு, சர்க்கஸ், எதுக்கும் டிக்கெட் வாங்குனதில்ல. எல்லாம் பாஸ்தான்."

டெல்லியில் இது ஒரு வியாதி. எங்கள் ஊரில் டிக்கெட் வாங்கி உள்ளே போனவன் பெருமையாக வெளியே வருவான். இங்கே டிக்கெட் வாங்கினேன் என்று சொன்னால், ஐயோ பாவம், இவனுக்கு ஆளே இல்லை போல என்று பார்க்கிறார்கள். அண்ணன் பிப்ரவரியில் ரிட்டயர் ஆகிறான். அதற்குப் பிறகு அந்த அடையாள அட்டை என்ன ஆகும் என்று கேட்க நினைத்தேன். வந்த முதல் நிமிஷமே வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அந்தக் கருணை கிட்வாய் நகர் வீட்டுக்குள் நுழையும்வரைதான் தாங்கியது. என் டிக்கெட் என்பது துணியில் செய்த ஒரு கைப்பட்டை. அதைக் கையில் கட்டியிருந்தால்தான் உள்ளே விடுவார்கள். கூரியரில் அண்ணன் முகவரிக்கு அனுப்பச் சொல்லியிருந்தேன்.

"பட்டை வந்துச்சா?"

மதினி அடுப்படிக்குள் போய்விட்டாள். அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

"வந்துச்சு. அச்சா, மொதல்ல உக்காரு. அது நின்னுக்கிட்டே பாக்குற டிக்கெட்டு மல்லி. உன் முட்டிக்கு நாலு மணி நேரம் நிக்க முடியுமா? எங்க ஜாயின்ட் செக்ரட்டரி பொண்ணு அதுதான் வேணும்னு அலைஞ்சுக்கிட்டிருந்துச்சு. குடுத்துட்டேன். பதிலுக்கு சார் பாஸ் குடுத்துட்டார். வி.ஐ.பி. சோபா."

அடுத்த கால் மணி நேரம் நான் பேசியதை எழுதினால் இதை யாரும் அச்சில் போடமாட்டார்கள். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பஞ்சாபிக்காரர் கதவைத் திறந்து எட்டிப்பார்த்துவிட்டு, பாஷை புரியாவிட்டாலும் விஷயம் புரிந்து, மூடிக்கொண்டார்.

"சரி, பாஸைக் காட்டு" என்றேன்.

பழனி முருகன் படத்துக்கு முன்னால் ஒரு பழுப்புக் கவர் இருந்தது. அரக்கு வைக்காத குறைதான். நாலு பக்கமும் ஒட்டி, மேலே 'கேட் பொறுப்பாளர்' என்று எழுதியிருந்தது. பிரிக்கப்போனேன். அண்ணன் பாய்ந்து பிடுங்கினான்.

"கவர் மேல யாரு பேரு போட்டிருக்கு? உன் பேரா, என் பேரா? அவங்கதான் பிரிக்கணும். சார் ஒட்டிக் குடுத்தத நான் பிரிச்சா என்ன மரியாதை?"

"உள்ள என்ன இருக்குன்னு தெரியவேணாமா?"

"சர்வீஸ்ல எத்தனை ஆயிரம் கவர் கொண்டுபோயிருக்கேன், ஒன்னையாவது பிரிச்சுப் பாத்திருப்பேனா?"

அவன் மகள் ஸ்வாதி, காலேஜ் படிக்கிறவள், போனிலிருந்து தலையைத் தூக்கினாள். "அத்தை, பாப்பா இப்படித்தான். எங்க ஸ்கூல் ரிப்போர்ட் கார்டுகூட மம்மி பேரு போட்டிருந்தா ஓபன் பண்ணமாட்டாரு." டெல்லிப் பிள்ளைகள் அப்பாவைத்தான் பாப்பா என்கின்றன.

மறுநாள் வீட்டில் இருந்தால் கவரைப் பிரித்துவிடுவேன் என்று பயந்து மதினி என்னை ஊர் சுற்ற அனுப்பினாள். மெட்ரோ வாசலில் சோதனை போட்ட போலீஸ்காரப் பெண் என் கழுத்து விசிலைப் பிடித்து இது என்ன என்றாள். வாயில் வைத்துக் காட்டினேன். அந்த மண்டபமே ஒரு வினாடி நின்றது. அவள் என்னை அவசரமாக உள்ளே தள்ளிவிட்டாள்.

கோல் மார்க்கெட் பக்கம் இறங்கி ஒரு கடையில் தோசை கேட்டேன். அது என் தப்பு. சாம்பாரில் சர்க்கரை. ஏன் இனிக்கிறது என்று கேட்டதற்கு, "மதராஸ் ஸ்டைல்" என்று எனக்கே சொன்னான் அந்த ஆள். பக்கத்துக் கடையில் சோளே பட்டூரா சாப்பிட்டேன். அதை மட்டும் குறை சொல்ல முடியவில்லை. முயன்று பார்த்தேன்.

திரும்பும்போது மெட்ரோவில் எதிரே ஒரு சர்தார்ஜி. அவர் டீஷர்ட்டில் நம்ம ஆளின் முகம். சர்தார்ஜியின் தொப்பையால் அந்த ஒட்டிய கன்னம் ஊதி, பார்க்கவே சந்தோஷமான மனுஷராகிவிட்டார். நான் பார்ப்பதைப் பார்த்து, "இவரைத் தெரியுமா, சிஸ்டர்?" என்று இந்தியில் கேட்டார்.

எனக்குத் தெரிந்த பிராத்மிக் பரீட்சை இந்தியில் பி பக்கம் மூன்றாவது பாட்டு என்றேன். மனுஷர் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு ஸ்டேஷன் தூரம் அந்தத் தனி வாசிப்பைப் பற்றிக் கையை ஆட்டி ஆட்டிப் பேசினோம். இறங்கும்போதுதான் அதைச் சொன்னார்.

"ஆனால் இந்தப் பயணத்தில் அதை நிறைய ஊர்களில் வாசிக்கவில்லை. விரலில் வலியாம். மனசு வந்தால் வாசிக்கிறார். பிரார்த்தனை செய்யுங்கள்."

வீட்டுக்கு வந்து முருகன் படத்துக்கு முன்னால் நின்றேன். பிரார்த்தனை என்று அண்ணன் நினைத்தான். நான் கவரை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் தெரியவில்லை.

மூன்றாம் நாள் கச்சேரி. வி.ஐ.பி. என்றால் ஆட்டோவில் போகக்கூடாதாம். அண்ணன் தன் காரை எடுத்தான். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை துடைப்பதற்காக மட்டும் வைத்திருக்கிற கார். பேட்டரி செத்திருந்தது. பட்டுப்புடவையில் நானும் ஸ்வெட்டரில் ஸ்வாதியும் தள்ளினோம். பட்டுப்புடவை அண்ணன் உத்தரவு. நான் விசில் அடித்து எண்ணிக்கை கொடுத்ததும் காலனிக் காவலாளிகள் இரண்டு பேர் தாங்களாகவே வந்து வரிசையில் சேர்ந்துகொண்டார்கள். விசிலுக்கு மொழி கிடையாது.

ஸ்வாதியை வீட்டிலேயே விட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேரும் போனோம். மைதானத்து வாசலில் அண்ணன் கண்ணாடியை இறக்கி, இரண்டு கையாலும் கவரை நீட்டினான். கேட் பொறுப்பாளர் சாவியால் கிழித்தார். உள்ளேயிருந்து ஒரு அட்டை. முன்னும் பின்னும் பார்த்தார்.

"இது வண்டிக்கான பாஸ். பார்க்கிங்."

"ஆள் பாஸ்?" என்றான் அண்ணன்.

கவரைக் கவிழ்த்து உதறிக் காட்டினார். காற்றுதான் விழுந்தது.

"அப்ப நாங்க?"

"நீங்கள் பார்க்கிங் வரைக்கும் போகலாம். அதைத் தாண்டக்கூடாது. கார் உள்ளே இருக்கலாம்."

"கார் உள்ளே இருக்கலாம், நான் இருக்கக்கூடாதா?" என்று கத்தினேன்.

"கார் யார் சோபாவிலும் உட்காராது, மேடம்" என்றார் அவர். கோபப்படாமல் சொன்னார். அதுதான் எரிச்சல்.

அண்ணன் ஜாயின்ட் செக்ரட்டரிக்கு போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டான். "சார் பிஸியா இருப்பார்" என்றான். குரலில் சுருதி இறங்கிவிட்டது. நான் காரைவிட்டு இறங்கி, மூன்று நாளாகச் சேர்த்துவைத்ததை எல்லாம் ஒரே மூச்சில் இறக்கினேன். முப்பத்தஞ்சு வருஷத்துல ஒரு கவரைப் பிரிச்சுப் பாக்கத் துணிச்சல் இல்லாதவன் நீயெல்லாம் என்ன ஆபீசர். ரிட்டயர் ஆகப்போற ஆளுக்கு யாரு சோபா போடுவா. இதுவும் இன்னும் மோசமானதும். சுற்றி நின்ற டிரைவர்கள் டீ குடிப்பதை நிறுத்திவிட்டார்கள். அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ரிட்டயர் பேச்சை மட்டும் எடுக்காமல் இருந்திருக்கலாம்.

"எந்த ஊருக்கா நீங்க?"

திரும்பினேன். பளபளக்கும் பச்சை ஜாக்கெட் போட்ட ஒரு பெண், கையில் வாளி.

"திண்டுக்கல்."

"அதான பாத்தேன். இந்த ஊர்ல இப்புடி நம்ம பாசையில திட்டு கேட்டு எத்தினி நாளாச்சு." சிரித்தாள். பெயர் செல்வி. அம்மா சின்னசேலத்திலிருந்து வந்தவள். செல்வி பிறந்து வளர்ந்ததெல்லாம் ஜங்புராவில் தமிழர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்ப். "பாரபுல்லா நாலா, அந்தப் பெரிய சாக்கடை ஓரம். எல்லாத்தையும் இடிச்சிட்டாங்க. இப்ப நரேலா. அங்கேர்ந்து ரெண்டு பஸ் மாறி வரணும்." அந்த ஒரு நிமிஷம் மட்டும் சிரிக்கவில்லை. "உனக்கு என்னாக்கா பிரச்னை?"

சொன்னேன். கேசட்டிலிருந்து கவர் வரைக்கும் சொன்னேன். அவள் காரைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள், என் பட்டுப்புடவையைப் பார்த்தாள்.

"இன்னிக்கி எங்க ஆளு ஒருத்தி வரல. ஜாக்கெட்டு சும்மாதான் கெடக்குது. லேடீஸ் பாத்ரூம், மேடைக்கு எடது பக்கம், கிட்டக்கத்தான். வர்றியா? ஆனா ஒண்ணுக்கா. வேல செய்யணும். சும்மா நின்னு வேடிக்க பாத்தேன்னா சூப்பர்வைசர் என்னைத்தான் வெளிய தள்ளுவான்."

"செய்றேன்" என்றேன்.

அண்ணன் காரிலிருந்து இறங்கியே விட்டான். "மல்லி! நீ ஒரு டீச்சர். நம்ம குடும்பத்துல... பாத்ரூம் கழுவுறதா?"

"ஏண்ணா, அது கையில ஒட்டிக்குமா?" என்றாள் செல்வி.

புடவையைத் தூக்கிச் செருகி, ஜாக்கெட்டை மாட்டி, வாளியை எடுத்துக்கொண்டு வேலையாட்கள் வழியில் நுழைந்தேன். ஒருத்தரும் என் கையில் பட்டை தேடவில்லை. ஒருத்தரும் என் முகத்தையே பார்க்கவில்லை. டெல்லியில் இதைவிட நல்ல பாஸ் கிடையாது. அதை நினைத்துச் சிரிப்பு வந்தது. ஆனால் செல்விக்கு இது தினமும் என்று நினைத்ததும் நின்றுவிட்டது.

பன்னிரண்டு பிளாஸ்டிக் கழிப்பறைகள், ஒரே வரிசை. நடுவில் இருந்த இடைவெளியில் மேடை தெரிந்தது. அவர் வந்தார். இரண்டு பேர் கைபிடித்துக் கூட்டிவந்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கிட்டாரை மடியில் வைத்ததும் முதுகு நிமிர்ந்தது. முதல் பாட்டு, இரண்டாவது பாட்டு. நான் ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் தண்ணீர் ஊற்றிக்கொண்டும், தேய்த்துக்கொண்டும், இடைவெளி வரும்போதெல்லாம் எட்டிப்பார்த்துக்கொண்டும் இருந்தேன். வந்து போகிற பெண்பிள்ளைகளின் கையைப் பார்த்தேன். இதில் ஒரு பட்டை என்னுடையது. "தீதி, டிஷ்யூ" என்று அக்கா போட்டுக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். ஒருத்திக்கு மட்டும் சந்தேகத்தின் பேரில் குறைவாகக் கொடுத்தேன்.

ஐந்தாவது பாட்டு முடிந்ததும் சூப்பர்வைசர் வந்தார். "நாலாம் நம்பரில் யாரோ வாந்தி எடுத்திருக்கிறாள். ஜல்தி." வாளியை நிரப்பினேன். அப்போது மேடையில் அந்த முதல் மூன்று சுரம் கேட்டது.

பி பக்கம். மூன்றாவது.

கூட்டம் கத்தியது. என் கால் நகரவில்லை. இடைவெளியில் அவர் தெரிந்தார், குனிந்து, விரல்களைப் பார்த்தபடி. சூப்பர்வைசர் என்னைப் பார்க்கவில்லை, பத்தாம் நம்பர் வாசலில் நின்ற செல்வியைப் பார்த்தார். கையை விரித்து, என்ன என்று கேட்டார். செல்வி என்னைக் கூப்பிடவில்லை. தன் வாளியைக் கீழே வைத்துவிட்டு நாலாம் நம்பரை நோக்கி நடக்க ஆரம்பித்தாள்.

நான் அவளுக்கு முன்னால் உள்ளே போய்க் கதவை இழுத்துக்கொண்டேன்.

நாற்றத்தைப் பற்றி எழுதவேண்டியதில்லை. முழங்கால் தரையில் படாமல் குனிந்து தேய்த்தேன். பாட்டு பிளாஸ்டிக் சுவர் வழியாக வந்தது. பிறகு எல்லா வாத்தியமும் நின்றது. கிட்டார் மட்டும். வாளித் தண்ணீரில் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு வளையம் எழுந்து ஓரத்துக்குப் போனது. தேய்ப்பதை நிறுத்திவிட்டு அதையே பார்த்தேன். அந்த இடம் நெருங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

இழுக்கவில்லை. குழறவில்லை. போனில் கேட்டதுபோல வேகமாகவும் இல்லை. வலிக்கிற விரல் ஒவ்வொரு படியாகப் பார்த்துப் பார்த்து இறங்குவதுபோல மெதுவாக இறங்கியது. ஒரு இடத்தில் கொஞ்சம் நின்றது. பிறகு அடுத்த படி. தண்ணீரில் வளையம் அடங்கியது. நான் அழுதேனா என்று கேட்காதீர்கள். பினாயில் கண்ணை எரிக்கும்.

கதவைத் திறந்தபோது செல்வி வாளியைப் பிடுங்கினாள். "போய்ப் பாருக்கா. உங்க தாத்தா எந்திரிச்சி நிக்கிறாரு."

இடைவெளியில் போய் நின்றேன். கட்டைவிரல் உயரத்துக்குத் தெரிந்தார். எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கியிருந்தார். எனக்கு ஆங்கிலத்தில் கத்தத் தெரியாது. விசிலை வாயில் வைத்து, மூச்சு தீரும்வரை ஊதினேன். முன்னால் நின்ற நூறு பேர் போலீஸ் என்று நினைத்து ஒதுங்கினார்கள். அவர் இந்தப் பக்கம் திரும்பினார். எனக்காகத்தான் திரும்பினார் என்று நான் சொல்கிறேன். மறுப்பவர்கள் நேரில் வரலாம்.

கச்சேரி முடிந்து கழிப்பறைகளையும் முடித்துவிட்டு ஜாக்கெட்டைக் கழற்றிக் கொடுத்தபோது செல்வி, "நாளைக்கு ஒரு கல்யாணம் இருக்குதுக்கா, பெரிய எடம். வர்றியா?" என்று கேட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். வருகிறேன் என்று சொல்ல முடியவில்லை. நரேலா பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று ஓடினாள். அவளைக் காரில் கொண்டுபோய் விட்டிருக்கவேண்டும் என்று அவள் போன பிறகுதான் தோன்றியது. எங்கள் புத்தி அவ்வளவுதான்.

அண்ணன் காரிலேயே இருந்தான். டிரைவர்கள் அவனுக்கும் டீ கொடுத்திருந்தார்கள். நான் பினாயில் வாசனையோடு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சார் போன எடுக்கவேயில்ல" என்றான்.

"விடு."

"நடுவுல ஒரு பாட்டு வந்துச்சு மல்லி. கிட்டார் மட்டும் தனியா. இங்க நல்லா கேட்டுச்சு. எங்கயோ கேட்ட மாதிரியே இருந்துச்சு."

"நம்ம வீட்டுலதான். நீ வாங்கிக் குடுத்த கேசட்டு."

"நானா? நான் எங்க வாங்குனேன்?"

"நீதாண்ணே. முதல் லீவுக்கு வந்தப்ப. காசு குடுத்து வாங்குனே."

அவனுக்கு ஞாபகம் இல்லை. நெற்றியைச் சுருக்கி யோசித்தான். "அப்ப நான் புதுசு. யாரையும் தெரியாது" என்றான். பிறகு சாவியைத் திருப்பினான். பேட்டரி மறுபடி செத்திருந்தது. டிரைவர்கள் வந்து தள்ளினார்கள்.

நாலாம் நாள் ரயில். ஸ்வாதி மட்டும், "அத்தை, சச்சி, நிஜமாவே பாத்ரூம் கிளீன் பண்ணியா? செம கூல் நீ" என்று கட்டிப்பிடித்தாள். அவளுக்கு ஒரு உருப்படியான தமிழ்க் கெட்ட வார்த்தை கற்றுக்கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

ஸ்டேஷனில் பெட்டியைத் தள்ளிக்கொண்டு நுழைவாசலுக்குப் போனால் அண்ணனைக் காணோம். திரும்பிப் பார்த்தேன். பிளாட்பாரம் டிக்கெட் வரிசையில் நின்றுகொண்டிருந்தான். முன்னால் இருபது பேர். அடையாள அட்டை சட்டைப் பைக்குள் இருந்தது. வரிசையில் நிற்கத் தெரியாமல் நின்றான். இரண்டு பேர் நடுவில் நுழைந்தார்கள், அவனுக்கு அவர்களைத் தடுக்கத் தெரியவில்லை. விசில் ஊதலாமா என்று பார்த்தேன். வேண்டாம் என்று விட்டேன்.

அரை மணி நேரம் கழித்து வந்தான். துண்டுச் சீட்டைக் காட்டினான்.

"இதை எந்த ஜாயின்ட் செக்ரட்டரி பொண்ணுக்குக் குடுக்கப்போறே?" என்றேன்.

"போடி" என்றான். வண்டி நகர்ந்த பிறகும் கொஞ்ச தூரம் கூடவே நடந்து வந்தான். டிக்கெட் பரிசோதகர் யாராவது கேட்கமாட்டார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே வந்தான். யாரும் கேட்கவில்லை.